வாடி பிரித்த நாள்

நிலாவெளியைத் தாண்டி வடக்கே போனால் கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்திட்டு கிடக்கிறது. அதன் நுனியில், புன்னை மரங்களுக்குக் கீழே, கொஞ்சம் ஓலைக் குடிசைகள். அந்த இடத்துக்குப் புன்னையடி வாடி என்று பெயர்.

வாடி என்றால் சீசனுக்கு மீன் பிடிக்க வருகிறவர்கள் போட்டுத் தங்கும் கொட்டில். பங்குனியில் போடுவார்கள். புரட்டாதியில் பிரிப்பார்கள். பிறகு சட்டி பானையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். புன்னையடிக்காரரின் தகப்பன்மாரும் அப்படித்தான் வடமராட்சிப் பக்கமிருந்து கரைவலை இழுக்க வந்தவர்கள். ஏதோ ஒரு வருடம் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் ஒருவர் வள்ளம் உடைந்தது என்பார். இன்னொருவர் பங்காளிச் சண்டை என்பார். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி முருகேசு மட்டும், "என்ர அப்பு இஞ்ச ஒருத்தியைக் கண்டிட்டார், பிறகெங்க போறது" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

எது எப்படியோ, இங்கேயே பிறந்து, இங்கேயே கலியாணம் முடித்து, இங்கேயே தலை நரைத்தவர்களும் தாங்கள் இருக்கும் இடத்தை வாடி என்றுதான் சொன்னார்கள். ஊர் என்றால் அது அவர்கள் கண்ணால் காணாத அந்த வடக்குக் கரை. பழக்கதோஷம் யாரை விட்டது?

அந்த ஒரு சொல்லின் புண்ணியத்தில் அங்கே பள்ளிக்கூடம் இல்லை. பாதை இல்லை. மருத்துவிச்சி வருவதில்லை. கெட்டித்தனமாக மீன் பிடிக்கத் தெரிந்த சனம், தங்கள் பிள்ளைகளுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் கிடந்தது. மணலில் கைமுழம் ஆழத்துக்குத் தோண்டிய பூவல்தான் அவர்களுடைய கிணறு. மாரி காலத்தில் அதில் இனித்த தண்ணீர் ஊறும். சித்திரை பிறந்தால் உப்புக் கரிக்கத் தொடங்கும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று மணலை வாரி இறைக்கும்போது பூவலில் இருப்பது மஞ்சள் நிறத்தில், மாடும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் ஒரு சாமான்.

இராசமலர் இரண்டு பிள்ளைகளை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தவள். முதலாவது ஆண். ஒரு ஆனியில் வயிற்றுக் கழிச்சல் கண்டு போனது. அடுத்தது பெண். அதுவும் ஆடியில் அதே நோயில் போயிற்று. இப்போது மூன்றாவது வயிற்றில். மார்கழியில் பிறக்கும் என்று கணக்கு. மார்கழியில் பயமில்லை, மழைத் தண்ணீர் இருக்கும். ஆனால் மார்கழிக்குப் பிறகு சித்திரை வரும், ஆனியும் வரும். அதற்குள் ஒரு நல்ல கிணறு வேண்டும். அவள் நினைப்பெல்லாம் அது ஒன்றுதான்.

அவள் புருஷன் கோணாமலை திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் கப்பல்களுக்குத் துருச் சுரண்டிப் பெயின்ற் பூசியவன். நேவிக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது அவனைப் போல எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கோணாமலை திரும்பி வந்து முருகேசுவின் கரைவலையில் கயிறு பிடித்தான். வந்த நாளிலிருந்து அவன் வாயில் பேச்சுக் குறைந்துவிட்டது.

களப்புக்கு அக்கரையில் முஸ்லிம் ஊர். அங்கே தோணி விடும் ஸெய்னுதீனின் வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. கோடையில் இராசமலர் குடங்களோடு அவருடைய தோணியில் அக்கரைக்குப் போவாள். ஸெய்னுதீனின் மனைவி ரபீக்கா குடத்தை நிரப்புவதோடு விடமாட்டாள். வந்தவளை இருத்தி, சோறும் மீனாணமும் தந்துதான் அனுப்புவாள்.

"இந்த ரெண்டு குடம் எத்தின வாய்க்குக் காணும் மலர்?" என்றாள் ரபீக்கா ஒரு நாள். "எங்கட ஊருக்குப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில பொதுக்கிணறு கட்டித் தந்திருக்காங்க, கண்டீங்கதானே? டி.ஆர்.ஓ. கந்தோர்ல கேட்டுத்தான் வாங்கின. நீங்களும் போய்க் கேளுங்க."

"எங்களுக்கு ஆர் ராத்தா தரப்போகினம்?"

"அழுத புள்ளதான் பால் குடிக்கும். கேளுங்க. கேட்டுத் தராட்டித்தானே ஏசலாம்? கேக்காம யார ஏசுற?"

இது இராசமலருக்கு நியாயமாகப் பட்டது. அந்தக் கிழமையே கோணாமலையை இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கந்தோருக்கு நடக்கும்போது அவன் துறைமுகம் இருக்கும் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அவளுக்கு அது விளங்கியது.

அந்தப் பகுதிக்கு அரசாங்க அதிகாரியான டி.ஆர்.ஓ.வின் கந்தோரில் ஒரு கிளாக்கர் கதிரையில் சாய்ந்திருந்தார். கேட்டதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எந்த ஊர் அம்மா?"

"புன்னையடி வாடி ஐயா."

கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாடியோ? வாடிக்கு எப்பிடியம்மா கிணறு குடுக்கிறது? இண்டைக்கு இருப்பியள், வாடைக்காத்து அடிக்கப் போயிடுவியள். கிணத்தையும் வள்ளத்தில ஏத்திக்கொண்டு போவியளோ?"

"நாங்கள் எங்கயும் போறேல்ல ஐயா. அங்கதான் பிறந்தனாங்கள்."

"அப்ப ஏன் வாடி எண்டு சொல்லுறியள்?"

இராசமலர் புருஷனைப் பார்த்தாள். அவன் முகட்டைப் பார்த்தான். பிறந்த நாள் முதல் சொல்லிவந்த சொல்லுக்குக் காரணம் கேட்டால் யார்தான் என்ன சொல்வது?

கிளாக்கர் நல்ல மனுஷன். குரலைத் தணித்துச் சொன்னார். "டி.ஆர்.ஓ. ஐயா ஆவணியில அந்தப் பக்கம் வருவார். நிரந்தரமாச் சனம் குடியிருக்கிற ஊர் எண்டு கண்டால் எழுதுவார். வாடி எண்டு கண்டால் அவராலயும் ஒண்டும் செய்ய ஏலாது. அந்தச் சொல்லு ஆரின்ர வாயிலயும் வராமல் பாத்துக்கொள்ளுங்கோ."

திரும்பி வரும் பஸ்ஸில் கோணாமலை வாயைத் திறந்தான்.

"மலர், இவையள் தரமாட்டினம். டவுனில ஒரு அறை பார்ப்பம். பைப் தண்ணியாவது கிடைக்கும்."

"டவுனில என்ன செய்வியள்? நேவியும் இல்ல, கப்பல் யாட்டும் இல்ல."

"மூட்டை தூக்குவன். மூண்டாவதையும் அந்த மண்ணுக்குள்ளயோ வைக்கப் போறாய்?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோணித்துறையில் இறங்கும்போதுதான் பதில் சொன்னாள்.

"மற்ற ரெண்டையும் அங்க தனிய விட்டிட்டு நான் எங்கயும் வரமாட்டன். உங்களுக்கு ஏலுமெண்டால் போங்கோ."

அவன் போகவில்லை.

அதன் பிறகு புன்னையடியில் நடந்த கூத்தை என்ன என்று சொல்ல! இராசமலர் வீடு வீடாகப் போய், இனி ஒருவரும் வாடி என்று சொல்லக்கூடாது, ஊர் என்றுதான் சொல்லவேண்டும் என்று கட்டளை போட்டாள். சொன்னவருக்குத் தண்டமும் வைத்தாள். யார் சொன்னாலும் அக்கரைக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவளுடைய குசினியில் வைக்கவேண்டும். சனத்துக்கு இது நல்ல விளையாட்டாகப் போயிற்று. வலை இழுக்கிறபோது ஒருவன் வாயைக் கிளறுவான், மற்றவன் மாட்டிக்கொள்வான். சம்மாட்டி முருகேசுதான் அதிகம் மாட்டினார். கோணாமலைக்கு அவர் தாய்மாமன். அதனால் இராசமலருக்கும் அவர் அம்மான்.

"எடி பிள்ளை, அறுபது வருசமா வாய்க்குள்ள கிடந்த சொல்லடி. பல்லு விழுந்தாலும் அது விழாது," என்பார்.

"அப்ப குடத்தைத் தூக்குங்கோ அம்மான்."

"சம்மாட்டி தண்ணி சுமக்கிறதைக் கண்டால் மீன் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சுக்கொண்டு வலைக்குள்ள வரட்டும்."

அவருடைய மனைவி கோணேஸ்வரி இதைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். கடைசியில் குடம் சுமப்பதும் அவள்தான்.

ஆவணி வந்தது. டி.ஆர்.ஓ. வரவில்லை. ஆவணி முடிந்து புரட்டாதியும் பிறந்தது. சனம் அந்தக் கதையை விட்டுவிட்டது. பெரிய ஆட்கள் சொன்ன வாக்கு, நண்டு மணலில் போட்ட கோடு என்று முருகேசு சொன்னார். வாடி என்ற சொல் பழையபடி எல்லார் வாயிலும் வந்து குந்திக்கொண்டது. தண்டமும் வழக்கொழிந்தது. இராசமலர் மட்டும் தோணித்துறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயிறும் பெருத்துக்கொண்டே வந்தது.

புரட்டாதியில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடைக்காற்றுத் தொடங்க முன் ஒரு நாள் பார்த்து வாடி பிரிப்பார்கள். போக ஊர் இல்லாதவர்கள் எதற்கு வாடி பிரிக்கவேண்டும் என்று கேட்பவருக்குப் பதில், அப்பன்மார் பிரித்தார்கள், நாங்களும் பிரிக்கிறோம் என்பதுதான். ஒரு வகையில் அது நல்லதும்கூட. பூச்சி அரித்த பழைய ஓலைக் கிடுகைக் கழற்றி எரித்துவிட்டு மாரிக்கு முன் புதுக்கிடுகு போடலாம். ஆனால் அவர்கள் அதோடு நிற்பதில்லை. கூரையைக் கழற்றியதும் சட்டி, பானை, பாய், உரல் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, தலையில் சுமந்து, கரையில் நிற்கும் வள்ளங்களில் ஏற்றுவார்கள். முருகேசு கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். வடக்குப் பக்கம் பார்த்துக் கும்பிடுவார்கள். பிறகு பின்னேரம் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். ஏற்றி இறக்காவிட்டால் அடுத்த சீசனில் மீன் படாது என்று ஒரு நம்பிக்கை.

அந்த வருடம் அந்த நாளில், முகடு கழன்ற குடிசைகள் எலும்புக்கூடாக நிற்க, பழைய கிடுகு எரியும் புகை திட்டை மூட, மூட்டை சுமந்த சனம் வரிசையாக வள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்த வேளையில், ஸெய்னுதீனின் தோணியில் டி.ஆர்.ஓ. வந்து இறங்கினார்.

விதி என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

வெள்ளைக் காற்சட்டையும் தோல் சப்பாத்துமாக அவர் மணலில் நின்று சுற்றிவரப் பார்த்தார். முதலில் எதிர்ப்பட்டவர் முருகேசு. தலையில் உரல்.

"என்ன பெரியவர் நடக்குது இஞ்ச?"

ஆள் இன்னார் என்று முருகேசுவுக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னார். "வாடி பிரிக்கிறம் ஐயா. வருசா வருசம் இந்த நாளிலதான் பிரிக்கிறது."

"அப்ப எல்லாரும் புறப்பட்டாச்சு?"

"ஓம் ஐயா, சாமான் ஏத்தி முடிஞ்சுது."

பின்னால் நின்ற ஸெய்னுதீன் தலையில் அடித்துக்கொண்டார். "சேர், அப்புடியில்ல சேர். இவங்க போறல்ல. ஏத்திட்டுப் புறவு எறக்குவாங்க..."

டி.ஆர்.ஓ. அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏற்றிவிட்டு இறக்குவார்களாம். இதை எந்த உத்தியோகத்தர்தான் நம்புவார்? "எனக்கு வேற அலுவல் கிடக்கு ஸெய்னுதீன். தோணியை எடும்," என்று திரும்பி நடந்தார்.

இராசமலர் அப்போது வள்ளத்தடியில் பாய் மூட்டையோடு நின்றாள். தோணிக்கருகில் சப்பாத்துக் காலைக் கண்டாள். முருகேசுவின் தலையில் உரலையும் ஸெய்னுதீனின் முகத்தையும் கண்டாள். நடந்தது முழுக்க ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஏழு மாத வயிறு. மணல் காலை இழுத்தது. பின்னால் கோணேஸ்வரி, "ஓடாத பிள்ளை, ஓடாத!" என்று கத்தினாள். இராசமலர் போய் நின்றது இடுப்பளவு தண்ணீரில், தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

"ஐயா, இறங்குங்கோ. ஒருக்கா இறங்குங்கோ."

"அம்மா, நான் கண்டிட்டன்தானே. கூரையும் கழட்டியாச்சு..."

"நீங்கள் கண்டது காணாது. இன்னொண்டு காட்டுறன். அதையும் கண்டிட்டுப் போங்கோ."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இறங்கினார். அவள் முன்னால் நடந்தாள். குடிசைகளைத் தாண்டி, புகையைத் தாண்டி, புன்னை மரங்களின் பின்பக்கம் கூட்டிப்போனாள். சனமும் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் வந்தது.

அங்கே இரண்டு சின்ன மேடுகள். சுற்றிவர வெள்ளைச் சோகிச் சிப்பி பதித்திருந்தது. அன்று காலையிலும் யாரோ கூட்டிவிட்டிருந்தார்கள்.

"ஐயா, வாடிக்காரர் வாடியில செத்தவையைப் புதைக்கிறேல்ல. வள்ளத்தில ஏத்தித் தங்கட ஊருக்குக் கொண்டுபோவினம். இது என்ர மூத்தது. இது அடுத்தது. எங்களுக்கு வேற ஊர் இருந்தால் நான் என்ர பிள்ளையளை இஞ்ச புதைப்பனோ? சட்டி பானையை நாங்கள் ஏத்துவம், இறக்குவம், அது எங்கட பைத்தியம். இதுகளை நான் எதில ஏத்துறது? சொல்லுங்கோ."

முருகேசு தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். டி.ஆர்.ஓ. குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினார். அவருக்கும் டவுனில் பிள்ளைகள் இருந்திருக்கும்.

"என்ன வருத்தத்தில போனதுகள் அம்மா?"

"கழிச்சல் ஐயா. தண்ணிதான்."

"எந்தத் தண்ணி? காட்டும் பாப்பம்."

கோணாமலைதான் பூவலைக் காட்டினான். டி.ஆர்.ஓ. குந்தி இருந்து ஒரு கை அள்ளினார். இராசமலர் பதறிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டாள். உத்தியோகத்தரின் கையைத் தட்டிய பொம்பிளை அந்தப் பகுதியில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

"வேண்டாம் ஐயா! மழை இன்னும் பெய்யேல்ல. உங்களுக்கு ஏதும் வந்திடும்."

அவர் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு எழும்பி, "ஊருக்குப் பேர் என்ன?" என்று கேட்டார்.

முருகேசு வாயைத் திறந்தார். கோணேஸ்வரி அவருடைய தொடையில் கிள்ளிய கிள்ளில் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"புன்னையடி," என்றாள் இராசமலர். "வெறும் புன்னையடி."

மார்கழியில், களப்பு உடைத்துக் கடலோடு கலந்து, திட்டு தனித்துப் போயிருந்த மழையில் பெண்பிள்ளை பிறந்தது. கோணேஸ்வரிதான் பிள்ளைப்பேறு பார்த்தாள். மழை விட்டதும் ரபீக்கா தோணியில் வந்து பெற்றவளுக்குச் சரக்கரைத்துக் கொடுத்தாள். பிள்ளை நன்றாகப் பால் குடித்தது. குஞ்சு குஞ்சு என்று எல்லாரும் கையில் வைத்துத் தாங்கினார்கள். இராசமலர் மட்டும் சிரிக்கும்போதும் மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். தை போயிற்று. மாசி, பங்குனி போயிற்று. சித்திரையில் பூவல் கரித்தது.

வைகாசியில் ஒரு நாள் ஸெய்னுதீன் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் சீமெந்துக் கொட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்தார். கொட்டு என்பது கிணற்றுக்குள் இறக்கும் பெரிய வளையம். கந்தோரிலிருந்து கூட வந்த ஓவசியர் புன்னை மரங்களுக்கு மேற்கே ஓரிடத்தில் தடியால் வட்டம் கீறினார். "கொட்டுத் தாறது நாங்கள். வெட்டி இறக்கிறது ஊர்ச் சனம். அதுதான் சட்டம்," என்று சொல்லிவிட்டு அடுத்த தோணியில் போய்விட்டார்.

கொட்டு வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் வைகாசியில் கரைவலைக்காரனிடம் மண் வெட்ட வா என்றால், அவன் கலியாண வீட்டில் இழவுக்குக் கூப்பிட்டது போலப் பார்ப்பான். சூடை மீனும் கீரி மீனும் கூட்டம் கூட்டமாகக் கரையைத் தட்டும் காலம் அது. அந்த மாதங்களில் உழைத்ததைக் கொண்டுதான் மாரியில் உலை வைக்கவேண்டும்.

"புரட்டாதியில வெட்டுவம்," என்றார் முருகேசு. "கொட்டு எங்க ஓடப்போகுது?"

"கொட்டு ஓடாது அம்மான். ஆனி ஓடி வருது."

"எனக்கு விளங்காமலோ பிள்ளை? ஆனால் இப்ப உழைக்காட்டி இத்தினை குடும்பம் மாரியில வாயைக் கட்டோணும். வலையை நிப்பாட்ட ஏலாது."

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அதுதான் கொடுமை. வறுமை வந்தவனை ஒரு நல்ல காரியத்துக்கும் இன்னொரு நல்ல காரியத்துக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். இராசமலர் வாதாடவில்லை. குஞ்சைப் புன்னை மரத்தில் பழந்துணியால் ஏணை கட்டிப் போட்டாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மண்வெட்டியோடு ஓவசியர் கீறிய வட்டத்துக்குள் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கோணேஸ்வரி கடகத்தோடு வந்தாள். பிறகு மற்றப் பெண்கள் வந்தார்கள். பின்னேரம் ரபீக்காவும் முக்காட்டை இறுக்கிக்கொண்டு அக்கரையிலிருந்து வந்து சேர்ந்தாள்.

கிணறு வெட்டிப் பழக்கமில்லாதவர்கள். ஆனால் மணல் அவர்களுக்குப் பழக்கம். கொட்டை நிலத்தில் வைத்து, உள்ளே நின்று மணலைத் தோண்ட, கொட்டு தன் பாரத்தில் தானே இறங்கியது. அது இறங்கியதும் அதன் மேல் அடுத்ததை வைத்தார்கள். தோண்டுவதும் கடகத்தில் அள்ளிக் கைமாற்றுவதுமாக நாட்கள் போயின. வலை வேலை முடிந்து வந்த ஆண்கள், களைத்த உடம்போடு பொழுது படும் வரையும் கைகொடுத்தார்கள். விடிந்தால் அவர்கள் கடலுக்கு, இவர்கள் குழிக்கு.

மூன்றாவது கொட்டு வைத்த அன்று காலையில் காலடியில் மணல் குளிர்ந்தது. "ஈரம்! ஈரம்!" என்று கோணேஸ்வரி உள்ளிருந்து கூவினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் ஒரு பக்கமாகவே தோண்டிவிட்டார்களோ என்னவோ, அந்தப் பக்கத்து மணல் சரசரவென்று தண்ணீரோடு சரிந்தது. கொட்டுகள் மூன்றும் ஒரு பக்கம் சாய்ந்தன. கோணேஸ்வரியைத் தூக்கி வெளியே எடுத்ததே பெரிய காரியம். சாய்ந்த கொட்டு கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் சாய்ந்துகொண்டிருந்தது. சுற்றிவர நின்று பெண்கள் தோள் கொடுத்தார்கள். அசையவில்லை. விழுந்தால் உடையும். உடைந்தால் இனி எந்தக் கந்தோர் கொட்டுத் தரும்?

இராசமலர் கரைப் பக்கம் பார்த்தாள். அங்கே மீன் வரவைப் பார்த்துச் சொல்லும் தண்டயல் மேட்டில் நின்று துணியை வீசிக்கொண்டிருந்தான். மீன் கூட்டம் வந்துவிட்டது. கடல் ஒரு இடத்தில் கறுத்துக் கொதித்தது. வள்ளம் தயாராக நின்றது. முருகேசு, "தள்ளுங்கோடா! தள்ளுங்கோடா!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சீசனில் அப்படி ஒரு கூட்டம் அதுவரை வந்ததில்லை.

"கொட்டுச் சரியுது!" என்று இராசமலர் கத்தினாள். குரல் உடைந்து போயிற்று. "இஞ்சாருங்கோ! கொட்டுச் சரியுது!"

கோணாமலை வள்ளத்து விளிம்பில் கை வைத்து நின்றவன். திரும்பிப் பார்த்தான். கடலையும் பார்த்தான். கையை எடுத்தான்.

"எடேய், எங்கயடா போறாய்?" என்றார் முருகேசு.

"அம்மான், மீன் நாளைக்கும் வரும்," என்றான் அவன். பேச்சுக் குறைந்தவன் அத்தனை உரத்துச் சொன்னதை அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள். சொல்லிவிட்டு ஓடினான். அவனுக்குப் பின்னால் ஒருவன் ஓடினான், இன்னொருவன் ஓடினான். தண்டயலும் துணியைப் போட்டுவிட்டு இறங்கினான்.

முருகேசு தனியே நின்றார். கடலைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். புன்னை மரங்களைப் பார்த்து அதைவிடக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். பிறகு வலையோடு பிணைத்திருந்த கம்பாக் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஏசி ஏசியே ஓடி வந்தார்.

"தோளைக் குடுத்தென்னடா செய்யிறியள் மடையன்மாரே? கயிறு போடுங்கோ, கயிறு! அந்தப் புன்னையில ஒரு சுத்து எடு. கோணாமலை, மேல் கொட்டில முடிச்சைப் போடு!"

வலை இழுக்கும் கம்பாவில் பெண்கள் கை வைப்பதில்லை. வைத்தால் வலையின் மடி வெறுமையாக வரும் என்பது முருகேசுவின் அப்பனும் அவருடைய அப்பனும் சொன்னது. பிடிக்க ஆண்கள் போதவில்லை. பெண்கள் தள்ளி நின்று கையைப் பிசைந்தார்கள்.

"என்னடி பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று முருகேசு கத்தினார். "பிடியுங்கோடி!"

பிடித்தார்கள். கோணேஸ்வரி பிடித்தாள், ரபீக்கா பிடித்தாள், ஸெய்னுதீன் தோணியை விட்டுவிட்டு வந்து பிடித்தார். இராசமலர் புருஷனுக்குப் பின்னால் நின்று அவன் முதுகில் நெற்றி முட்ட இழுத்தாள். முருகேசு அம்பாப் பாட்டு எடுத்தார். ஏலேலோ என்று அவர் சொல்ல, ஆணும் பெண்ணுமாக ஏலோ என்று திருப்பிச் சொன்ன சத்தத்தில் ஏணையில் கிடந்த குஞ்சு விழித்து வீரிட்டது. கொட்டு முதலில் முனகியது. பிறகு ஒரு விரல் அளவு அசைந்தது. பிறகு மெல்ல மெல்ல நிமிர்ந்து, தன் இடத்தில் போய்க் குந்தியது. அடியில் மணல் இடம்விட, இன்னும் ஒரு முழம் தானாகவே இறங்கியது. உள்ளே தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது.

கடல் அதற்குள் வெளுத்துப் போயிருந்தது. கூட்டம் போய்விட்டது. ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கோணாமலைதான் உள்ளே இறங்கினான். கலங்கல் தண்ணீரைக் கையால் அள்ளி வாயில் விட்டான். மேலே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் துப்பவில்லை. இன்னொரு கை அள்ளினான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று மேலே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

"சொல்லித் துலையன்டா!" என்றார் முருகேசு.

"நல்ல தண்ணி அம்மான்," என்றான் கோணாமலை. "நல்ல தண்ணி."

நாலைந்து நாள் இறைத்து இறைத்துத் தெளிய வைத்தார்கள். தெளிந்த அன்று முதற்குடத்தை இராசமலர் குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். கொதித்த பிறகுதான் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும் என்று, இப்போது கிழமைக்கொரு முறை தோணியேறி வரத் தொடங்கியிருந்த மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சனம் முழுக்கக் குசினி வாசலில் வந்து குந்தியது. தண்ணீர் கொதித்தது. பிறகு ஆறவேண்டும். முருகேசு நிலைகொள்ளாமல் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தார்.

"சுடுதண்ணி ஆறப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிற ஊரை நான் இண்டைக்குத்தான் காணுறன்," என்றார்.

ஊர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட கோணேஸ்வரி இராசமலரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். கிழவர் அதைக் காணவில்லை.

இராசமலர் குஞ்சை மடியில் கிடத்தி, சங்கில் ஒரு மிடறு எடுத்து அதன் வாயில் விட்டாள். பிள்ளை முகத்தைச் சுளித்து யோசித்தது. நாக்கை வெளியே விட்டு உள்ளே இழுத்தது. பிறகு இரண்டு கையாலும் சங்கைப் பிடிக்க எத்தனித்து, காலை உதைத்துக் குரல் வைத்தது.

"என்னவாம்?" என்று முருகேசு வாசலில் இருந்து கேட்டார்.

"இன்னும் வேணுமாம்," என்றாள் இராசமலர். கண்ணீர் தன் பாட்டுக்கு ஓடியது. துடைக்கவும் இல்லை.

"குடுடி பிள்ளை, குடு," என்றார் முருகேசு. "கிணறு நிறையக் கிடக்கு."